சிமெண்ட் ஒட்டிய கல்லும் பெயர் வெட்டிய விளக்கும்

மதுரை திருநகரில் சொந்த வீட்டில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் நீண்ட கடிதம் இது. அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கிய அவருக்குப் புதிய அலங்காரப் பொருள்களை வாங்க மனமில்லை. பழைய பொருள்களாலேயே முன்னறையையும் வாசலையும் அமைக்க முடிவு செய்திருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மா தேக்குக் கதவு நிலை ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் மேற்பலகையில் கஜலட்சுமி உருவமும் ‘1921’ என்ற எண்ணும் செதுக்கப்பட்டுள்ளன. அம்மா இறந்த பிறகு மேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் வீட்டிலிருந்து குத்துவிளக்குகள், அண்டா, செம்புகள், அடுக்குப் பாத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு வந்திருக்கிறார். கணவரின் தாத்தா காலத்து மான் கொம்பும், அப்பா கேட்ட மர்ஃபி வானொலிப் பெட்டியும் உண்டு. நாணயம் சேர்க்கும் கணவர், 2016-இல் செல்லாமல் போன ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் பதினான்கை விசிறி போல விரித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். கடைசியாக, நான்குவழிச் சாலையோரப் பழைய இரும்புக் கடை ஒன்றில் சென்ற ஆண்டு ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒன்றரை அடி உயரக் கல். அதில் கைகூப்பி நிற்கும் ஒரு பெண் உருவம் இருக்கிறது. அதை வாசலில் மணிபிளாண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “நூறு வருஷம் தாண்டிய பொருள் எல்லாமே கவர்மெண்ட் சொத்து டீச்சர், போலீஸ் வந்தால் ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்” என்று சொன்னதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. மான் கொம்பை வைகையில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். தம்பியோ, பாத்திரங்களையெல்லாம் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வழக்குப் போடுவேன் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போது ஒரு குத்துவிளக்கை எடுத்துச் செல்ல ஆசைப்படுகிறார். இவற்றையெல்லாம் விவரித்துவிட்டு, “எதை வைத்துக்கொள்ளலாம், எதைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் பொருள் கையை விட்டுப் போய்விடுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குரைக்கும் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நிலத்தகராறும் ஜீவனாம்சமும்தான். ஒரு வீட்டின் முன்னறையைப் பொருள் பொருளாக வருணிக்கும் கடிதம் அபூர்வம் என்பதால் உங்களுடையதை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்

“வாங்கும்போது அடியில் சிமெண்ட் கட்டியாக ஒட்டியிருந்தது, கொத்தனாரை வைத்துச் சுரண்டி எடுத்தோம், காதோரத்தில் படிந்திருந்த குங்குமத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவினேன், இப்போது கல் பளிச்சென்று இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கருப்பேறிய கல்லைச் சுத்தம் செய்த திருப்தியில் நீங்கள் எழுதிய வரி அது. வழக்குரைஞர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. அடியில் சிமெண்ட் ஒட்டியிருந்தால் அந்தக் கல் ஏதோ ஒரு பீடத்தில் பதிக்கப்பட்டிருந்தது, அதிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று பொருள். எண்ணெயும் குங்குமமும் இருந்தால் பெயர்க்கப்படும் நாள்வரை யாரோ அதைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். கைகூப்பிய பெண் உருவம் என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது சதிக்கல்லாக, அதாவது கணவனின் சிதையில் உடன் இறந்த பெண்ணுக்கு நட்ட நினைவுக் கல்லாக, இருக்கலாம். மதுரையைச் சுற்றிய ஊர்களில் அத்தகைய கற்கள் ஒரு வகையறாவின் குலசாமியாகவே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகாசிவராத்திரிக்கு வேன் பிடித்துக் குலசாமி கும்பிடப் போன ஏதோ ஒரு குடும்பம், சிமெண்ட் சிதறிய வெற்றுப் பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கவும் கூடும். இது என் ஊகம்தான். ஆனால் இப்படி ஊகிக்க இடம் இருப்பதுதான் சட்டப்படி உங்களுக்குள்ள சிக்கல்.

உங்கள் நிலைப்பாடு, “நான் திருடவில்லை, ரொக்கம் கொடுத்து வாங்கினேன்” என்பது. இந்த இடத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விளக்குகிறேன். விற்பவருக்கு ஒரு பொருளில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவுதான் வாங்குபவருக்கும் வரும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. திருடப்பட்ட பொருள் பத்துக் கை மாறினாலும், ஒவ்வொருவரும் நியாய விலை கொடுத்திருந்தாலும், உரிமை பறிகொடுத்தவரிடமே இருக்கிறது. கோயில் பொருள் என்றால் உரிமையாளர் அந்தத் தெய்வம். நம் நீதிமன்றங்கள் பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வத்தைச் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு சட்ட நபராகவே காலங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. அறநிலையத் துறையின் கீழ் வராத, கூரைகூட இல்லாத வயற்காட்டுக் கோயிலானாலும் திருட்டு திருட்டுத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, வழிபாட்டிடத்திலிருந்து சிலையைத் திருடுவதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்துடன் அதை வாங்கினாலும் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு.

‘நம்பக் காரணம் இருந்தோ’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வாங்கிய அன்று உங்களுக்கு அந்தக் காரணம் தோன்றாமல் இருந்திருக்கலாம். அதை நான் முழுமையாக நம்புகிறேன், ஒரு நீதிமன்றமும் நம்பக்கூடும். ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகும் அதை மணிபிளாண்ட் பக்கத்திலேயே வைத்திருந்தால், தெரியாமல் வைத்திருந்தேன் என்று சொல்லும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

உங்கள் முன்னால் உள்ள வழிகளை யோசித்துப் பார்த்தேன். பேசாமல் வைத்துக்கொள்வது ஒன்று. அதன் ஆபத்தைச் சொல்லிவிட்டேன். இரவோடு இரவாக ஏதாவது ஓர் அரச மரத்தடியில் வைத்துவிட்டு வருவது இன்னொன்று. நல்லெண்ணத்தோடு பலர் செய்வது இதைத்தான். ஆனால் தெருவுக்குத் தெரு கேமரா இருக்கும் காலத்தில், அப்படிச் செய்யும்போது யாராவது பார்த்தால் நீங்கள் ஒப்படைக்கப் போனவராகத் தெரிய மாட்டீர்கள், ஒளித்து வைக்கப் போனவராகத்தான் தெரிவீர்கள். வேறொரு கோயிலுக்குத் தானமாகக் கொடுப்பதும் சரியல்ல, உரிமை உங்களிடம் இருந்தால்தானே தானம் செய்ய முடியும். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா என்றால், பணம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு என்றாலும், கல் மறுபடி சந்தைக்குப் போய்விடும். போலீஸ் தேடி வரும் நாளில் உங்களிடம் பொருளும் இருக்காது, சாட்சியும் இருக்காது.

எஞ்சியிருப்பது எழுத்து மூலம் ஒப்படைப்பதுதான். கல்லை இனிமேல் கழுவவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். நான்கு பக்கமும், முக்கியமாக அடிப்பக்கத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு ஜிபே-யில் பணம் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். பில் இல்லாத உங்களுக்கு அதுதான் பில். கொத்தனார் சுரண்டிய சிமெண்ட் துண்டு தோட்டத்து மூலையில் எங்காவது கிடந்தால், அதையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எங்கே, எப்போது, என்ன நினைத்து வாங்கினீர்கள், சந்தேகம் எப்போது வந்தது என்பதை ஒளிவுமறைவின்றி ஒரு மனுவாக எழுதி, உள்ளூர் வழக்குரைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். அதன் பிரதியை 1983 முதல் தமிழகக் காவல் துறையில் தனியாக இயங்கிவரும் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும், மதுரையில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணைக்கு ஓரிரு முறை அழைப்பார்கள். அலைச்சல் உண்டு, ஆறாயிரம் ரூபாய் திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் தாமாக முன்வந்து ஒப்படைத்தவர் என்ற நிலைக்கும், வீட்டுச் சோதனையில் பிடிபட்டவர் என்ற நிலைக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

தொல்பொருளாகப் பதிவு செய்துவிட்டால் கல் சட்டப்படி உங்களுடையது ஆகிவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. பதிவு என்பது ஒரு பொருள் யாரிடம் இருக்கிறது என்பதற்கான குறிப்பு; இல்லாத உரிமையை அது உண்டாக்காது.

நூறு ஆண்டு என்ற கணக்கு

இனி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமை உடைய கலைப்பொருளும் கைவினைப் பொருளும் நாணயமும் தொல்பொருள். வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள கையெழுத்துச் சுவடி என்றால் எழுபத்தைந்து ஆண்டு போதும். ஆனால் தொல்பொருள் என்பதாலேயே ஒன்று அரசின் சொத்தாகிவிடாது. தனிமனிதர் அதை வைத்திருக்கலாம், வாரிசுக்கு விட்டுச் செல்லலாம், வீட்டில் அலங்காரமாக நிறுத்தலாம். குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டுமே பதிவு கட்டாயம்: கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படம் தீட்டிய சுவடிகள், சிற்ப வேலைப்பாடு கொண்ட மரம்.

உங்கள் அண்டாவும் செம்பும் நூறு ஆண்டு பழையவையாகவே இருந்தாலும் இந்தப் பட்டியலில் வராது. உங்கள் கணவரின் ஆல்பத்தில் உள்ள பழைய செப்புக் காசுகளும் பதிவுப் பட்டியலில் இல்லை. ஆனால் அவற்றில் எதுவும் மண்ணைத் தோண்டியபோது கிடைத்ததாக இருந்தால் அது வேறு கதை. மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் வரம்பு இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது! கீழடி நம் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் காலத்தில், தோட்டத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது என்று யாராவது பானை ஓடும் காசும் கொண்டு வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் கேள்வி எழும் பொருள் அந்த நிலைதான். 1921 என்ற எண் வீடு கட்டிய ஆண்டைக் குறிப்பதாக இருந்தால், நிலை நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. கஜலட்சுமி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பதால் அது சிற்ப வேலைப்பாடு கொண்ட மரம் என்ற வகைக்குள் வரலாம். சாதாரணக் கதவு நிலைதானே என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். படங்களோடு தொல்லியல் துறையின் பதிவு அலுவலருக்கு எழுதி, அவர் பார்த்துத் தேவை என்றால் பதிவு செய்யுங்கள், தேவையில்லை என்றால் அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். பதிவு செய்தாலும் நிலை உங்கள் வீட்டிலேயே, உங்கள் உடைமையாகவே இருக்கும். கைமாற்றினால் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. பொதுநலன் கருதி இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்குச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஒரு செட்டிநாட்டு வீட்டு நிலைக்காக அந்த அதிகாரத்தை யாரும் பயன்படுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாறாக, பதிவு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம், பொருளும் பறிமுதலாகலாம்.

நிலையை எந்த ஊரில், யார் வீட்டிலிருந்து எடுத்தார்கள் என்று கடைக்காரரிடம் இப்போதாவது எழுதி வாங்க முடியுமா பாருங்கள். தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் தேவை; உரிமம் உள்ளவர் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிக்குத் தெரியாமல் உள்ளூர்ப் பங்காளி தூணையும் கதவையும் விற்றதால் எழுந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வாங்கப் போகும்போது, பொருள் வீட்டிலிருந்து கழற்றப்படுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்குங்கள்.

பழைய சக ஆசிரியைகளுக்காக நீங்களே காரைக்குடி போய் வாங்கிக் கொடுத்து, “போக்குவரத்துச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டேன்” என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். ஓரிரு பித்தளைப் பாத்திரத்துக்கு யாரும் கேட்கப் போவதில்லை. அதையே தொடர்ந்து செய்து, நூறு ஆண்டு தாண்டிய பொருள்களும் அதில் சேர்ந்தால், நீங்கள் உரிமம் இல்லாத வியாபாரி ஆகிவிடுவீர்கள்.

பாத்திரத்தில் வெட்டிய பெயர்

தம்பி சொல்வது இது: “உனக்குத்தான் சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டுச் சாமான் ஆண்பிள்ளைக்கு.” நீங்கள் சொல்வது இது: “அம்மாவைக் கடைசி ஆறு வருடம் பார்த்துக்கொண்டவள் நான், அவள் புழங்கிய பாத்திரம் எனக்கு.” இரண்டிலும் நியாயம் இருப்பதாக ஊரார் சொல்லலாம், சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை.

நம் பக்கத்தில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அந்தப் புள்ளிகள் இப்படிப்பட்ட வழக்குகளில் பத்திரம் போலப் பேசும். குத்துவிளக்கின் அடித்தட்டில் அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அவருக்குச் சீராக வந்த சீதனம், அவருடைய முழுச் சொத்து. உயில் எழுதாமல் அவர் இறந்ததால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகிறது. அப்பா முன்பே காலமாகிவிட்டார் என்பதால் வேறு பங்குதாரர் இல்லை. அண்டாவில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது என்கிறீர்கள். அவரும் உயில் எழுதவில்லை என்றால் அவர் பங்கு அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் மூன்றாகப் பிரிந்து, பிறகு அம்மாவின் மூன்றில் ஒன்று உங்கள் இருவருக்கும் வருகிறது. எந்தப் பெயர் இருந்தாலும் கணக்கு ஆளுக்குப் பாதியில்தான் முடிகிறது. கல்யாணத்தில் செய்த சீரை வைத்து மகளின் வாரிசுப் பங்கைக் கழிக்க முடியாது. பெற்றோரைப் பார்த்துக்கொண்டதற்காக மகளின் பங்கு கூடவும் செய்யாது. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தேதான் இரண்டாவதை எழுதுகிறேன்.

நீதிமன்றத்துக்குப் போனால் பாகப் பிரிவினை வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் விளக்கு யார் வீட்டிலும் ஏற்றப்படாமல் கிடக்கும். தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, வெட்டிய பெயரோடு ஒரு பட்டியல் எழுதி, ஒன்றை அவர், ஒன்றை நீங்கள் என்று மாறி மாறி எடுத்துக்கொள்ளலாம். முதல் தேர்வை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பாதி சண்டை அங்கேயே அடங்கும். முடிந்ததும் இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அசையும் பொருள்களின் பங்கீட்டைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அதுவரை எந்தப் பாத்திரத்தையும் புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். என் பாட்டியின் செம்பு ஒன்றில் இருந்த எழுத்துகளை இப்படி ஆண்டுதோறும் பொங்கலுக்குத் தேய்த்தே அழித்துவிட்டோம். இப்போது அது யாருடைய செம்பு என்று கேட்டால் பெரியம்மா வீட்டில் ஒரு கதை, எங்கள் வீட்டில் ஒரு கதை.

கொம்பும், தாள்களும், மற்றவையும்

மான் தானாக உதிர்த்த கொம்புதானே, யாரும் சுடவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த வேறுபாடு முக்கியமல்ல. கொம்பும் அதன் கீழ் வரும் பொருள்தான், உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருக்க முடியாது. சான்று இல்லாதவர்கள் தெரிவித்துக்கொள்ள 2003-இல் கொடுத்த அவகாசமும் முடிந்துவிட்டது. கணவரின் தாத்தா அந்தக் காலத்திலேயே சான்று வாங்கியிருக்கவும் கூடும் என்பதால், அவருடைய பழைய டிரங்குப் பெட்டியை முதலில் ஒருமுறை துழாவிப் பாருங்கள். இருந்தால், வாரிசாக வந்ததை வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. இல்லையென்றால் கல்லுக்குச் சொன்னது போலவே, வழக்குரைஞர் மூலம் எழுதி மாவட்ட வன அலுவலரிடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். வைகையில் போடுவது சாட்சியத்தை அழிப்பதாகப் பார்க்கப்படும். உங்கள் பூச்சாடியில் இருக்கும் மயில்தோகைக்குக் கவலை வேண்டாம். மயில் உதிர்த்த வால் இறகுகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

செல்லாத தாள்களைப் பற்றி உங்கள் கணவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். 2017-இல் வந்த சட்டத்தின்படி பழைய ஐந்நூறு, ஆயிரம் தாள்களை, எந்த மதிப்பில் இருந்தாலும் மொத்தம் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் இருபத்தைந்து வரை அனுமதி உண்டு. மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். ஆல்பங்கள் வைத்திருக்கும் உங்கள் கணவர் தம்மை நாணயம் சேர்ப்பவர் என்று நிரூபிக்க முடியும்தான். ஆனாலும் விசிறியில் நான்கு இதழ்களைக் குறைத்துவிட்டால் நிரூபிக்க வேண்டிய வேலையே இல்லை.

மர்ஃபி வானொலியில் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் அதை வைத்திருக்கவே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அப்பாவின் உரிமப் புத்தகம் எங்காவது கிடைத்தால் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், பெட்டியைவிட அழகாக இருக்கும். உள்ளே துணி சுற்றிய பழைய ஒயர்தான் இருக்கும் என்பதால், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மின் இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.

மகன் எடுத்துச் செல்ல விரும்பும் குத்துவிளக்கு, பங்கீட்டில் உங்களுக்கு வந்த பிறகு, தாராளமாகப் போகலாம். அம்மாவின் கல்யாணத் தேதி 1958 என்று அதிலேயே வெட்டியிருப்பதால் அது தொல்பொருள் அல்ல. ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பழைய வெண்கலத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடக்கூடும். அந்த நேரத்தில் அடித்தட்டைத் திருப்பிக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் விளக்கைக் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மகனின் பயணத் தேதிக்கு ஓரிரு மாதம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

அவசரமான ஒன்று பாக்கி இருக்கிறது. புது வாசலின் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்பதால் நிலையின் கால்களில் நான்கு அங்குலம் அறுத்துவிடலாம் என்று ஆசாரி சொன்னதாகவும், வரும் புதன்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொல்லியல் துறையிடமிருந்து பதில் வரும்வரை அந்த மரத்தில் ரம்பம் படக்கூடாது. கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சுவரை நான்கு அங்குலம் உயர்த்த முடியுமா என்று கேளுங்கள். ஆசாரிக்கு இன்றே போன் செய்து புதன்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.